ஆபிரகாம் பண்டிதர்

ஆபிரகாம் பண்டிதர் (ஆகஸ்ட் 2, 1859 - ஆகஸ்ட் 31, 1919) தமிழிசை ஆய்வாளரும் சித்த மருத்துவரும் ஆவார். தஞ்சாவூரில் வாழ்ந்து மருந்து விற்பனையால் ஈட்டிய பொருளை இசை ஆய்வில் செலவிட்டவர். 1917 இல் இவர் வெளியிட்ட கருணாமிர்த சாகரம், தமிழிசை பற்றி இருபதாம் நூற்றாண்டில் வெளிவந்த முதல் பெருநூலாகும். ஒரு தாயியில், அதாவது கீழ் ச முதல் மேல் ச வரையிலான இடைவெளியில், எத்தனை சுருதிகள் உள்ளன என்பதே இவருடைய வாழ்நாள் கேள்வியாக இருந்தது. 22 என்பது பரவலாக ஏற்கப்பட்டிருந்த விடை. 24 என்றும் அவை சம இடைவெளி கொண்டவை என்றும் இவர் வாதிட்டார். ஒலியின் கணக்கையும் செவியின் உணர்வையும் ஒருசேர வைத்துத் தமிழில் நடந்த முதல் பெரிய விவாதமாக இதனைக் கொள்ளலாம்.

பிறப்பும் கல்வியும்

ஆபிரகாம் இன்றைய தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்த சாம்பவர் வடகரை என்னும் ஊரில், முத்துசாமி, அன்னம்மாள் இணையருக்கு மகனாகப் பிறந்தார். கிறித்தவக் குடும்பம். ஊர்ப் பள்ளிப்படிப்புக்குப் பின் திண்டுக்கல்லில் இருந்த ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் பயின்று ஆசிரியரானார். திண்டுக்கல்லில் சடையாண்டிப் பத்தர் என்பவரிடம் வயலின் கற்றார். நிழற்படக் கலை, அச்சுக்கலை, சோதிடம் ஆகியவற்றிலும் அக்காலத்திலேயே ஈடுபாடு கொண்டிருந்தார். பின்னாளில் இவை யாவும் அவருக்குப் பயன்பட்டன. சோதிடத்தில் வரும் பன்னிரண்டு இராசி வட்டம் கூட அவருடைய இசைக் கணக்கில் இடம்பெற்றது.

சித்த மருத்துவத்தில் நாட்டம் கொண்டு மூலிகைகளைத் தேடி மலைகளில் அலைந்தபோது, சுருளி மலையில் கருணானந்தர் என்னும் துறவியைச் சந்தித்தார். அவரிடமிருந்து மருந்து செய்முறைகளைக் கற்றார். தம் மருந்துகளுக்கும் தோட்டத்துக்கும் நூலுக்கும் குருவின் பெயரையே இட்டார்.

தஞ்சாவூர் வாழ்க்கை

1882 இல் ஞானவடிவு பொன்னம்மாளை மணந்தார். அடுத்த ஆண்டு இருவரும் தஞ்சாவூருக்கு வந்து லேடி நேப்பியர் பெண்கள் பள்ளியில் ஆசிரியப் பணி ஏற்றனர். மருத்துவப் பணி பெருகவே 1890 இல் ஆசிரியப் பணியை விட்டு விலகினார். கருணானந்தர் சஞ்சீவி மருந்துகள் என்னும் பெயரில் இவர் செய்த மருந்துகள் தமிழ்நாட்டில் மட்டுமன்றி இலங்கை, பர்மா முதலிய நாடுகளிலும் விற்பனையாயின. பண்டிதர் என்னும் பெயரும் மருத்துவத்தால் வந்ததே.

தஞ்சாவூருக்கு வெளியே நிலம் வாங்கி அதற்குக் கருணானந்தபுரம் என்று பெயரிட்டார். ஊர் மக்கள் அதைப் பண்டிதர் தோட்டம் என்று அழைத்தனர். மூலிகைகளோடு கரும்பு முதலிய பயிர்களையும் புதிய முறைகளில் வளர்த்தார். 1908 இல் அன்றைய சென்னை ஆளுநர் ஆர்தர் லாலி இத்தோட்டத்தை வந்து பார்த்தார். ஆளுநரின் பெயரால் பண்டிதர் நிறுவிய லாலி மின்விசை அச்சகத்திலேயே பின்னர் கருணாமிர்த சாகரம் அச்சாயிற்று. 1909 இல் அரசு இவருக்கு ராவ் சாகிப் பட்டம் வழங்கியது. 1911 இல் ஞானவடிவு பொன்னம்மாள் காலமானார். பின்னர் பண்டிதர் மறுமணம் செய்துகொண்டார்.

தஞ்சாவூர் அக்காலத்தில் கருநாடக இசையின் தலைநகராகவே கருதப்பட்டது. சோழர், நாயக்கர், மராட்டியர் என அரசுகள் மாறியபோதும் காவிரிப் படுகையின் கோயில்களிலும் அரண்மனையிலும் இசை தொடர்ந்து பேணப்பட்டு வந்தது. இசை வேளாளர் குடும்பங்களிலும் பிராமண வித்துவான்களின் குரு மரபிலும் அக்கலை தலைமுறைகளாகக் கைமாறி வந்தது. பண்டிதர் இவ்விரண்டு மரபிலும் பிறந்தவர் அல்லர். தெற்கிலிருந்து வந்த ஒரு கிறித்தவ மருத்துவர் சுருதியைப் பற்றிப் பேசுவதை எளிதில் ஏற்காத சூழல் அது. கற்றுத் தேர்ந்த பின்னரே பேசுவது என்னும் முறையை அவர் கடைப்பிடித்தார். தஞ்சாவூர் ஏ. ஜி. பிச்சைமுத்துப் பிள்ளையிடம் மேலை இசையையும் கற்றார்.

அக்காலத்தில் இசை பயில்வோர் பெரும்பாலும் தெலுங்குப் பாடல்களையே பொருளறியாமல் மனனம் செய்து வந்தனர். அதனைக் கண்ட பண்டிதர், தொடக்க மாணவர்களுக்காகத் தமிழில் 96 பாடல்களை இயற்றி, 1907 இல் கருணாமிர்த சாகரத் திரட்டு என்னும் நூலாக வெளியிட்டார்.

சுருதி பற்றிய சிக்கல்

கேள்வி என்ன என்பதை அறிய ஒலியின் இயல்பைச் சிறிது விளக்க வேண்டும். கம்பியோ தோலோ அதிரும்போது சூழ்ந்துள்ள காற்று நெருங்கியும் விலகியும் அலையாகப் பரவுகிறது. வெப்பமான காற்றில் அது நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் செல்லும். உயர்ந்த ஒலியும் தாழ்ந்த ஒலியும் ஒரே வேகத்தில் செல்கின்றன. அதனால்தான் நான்கு தெரு தள்ளி நிற்பவருக்கும் கோயில் நாகசுரமும் ஒத்தும் ஒன்றோடொன்று இசைந்தே கேட்கின்றன. தொலைவு ஓசையைக் குறைக்கும். சுரங்களுக்கு இடையிலான உறவைக் குலைக்காது.

அவ்வுறவைச் செவி கழித்தலாக அன்றி வகுத்தலாகவே உணர்கிறது. நொடிக்கு 100 அதிர்வுகளிலிருந்து 200 க்குச் செல்வதும், 200 இலிருந்து 400 க்குச் செல்வதும் செவிக்கு ஒரே தாவலாகத் தோன்றும். உட்செவியில் உள்ள நத்தை எலும்பின் மென்தகடு இதற்கேற்பவே அமைந்துள்ளது. வெவ்வேறு அதிர்வெண்கள் அத்தகட்டின் வெவ்வேறு இடங்களை அதிரச் செய்கின்றன. அதிர்வெண் இரட்டிக்கும்போதெல்லாம் அதிரும் இடம் ஏறத்தாழ ஒரே அளவு நகர்கிறது.

கீழ் ச நொடிக்கு 240 அதிர்வுகள் எனக் கொண்டால் மேல் ச 480 ஆகும். இதன் விகிதம் 2:1. ச, ப இரண்டும் 3:2 விகிதத்தில் இருக்கும்போது மிக இனிமையாகப் பொருந்தும். எனவே ப 360 ஆகும். பழந்தமிழில் ச குரல் எனவும் ப இளி எனவும் பெயர் பெற்றன. குரலிலிருந்து இளிக்கும், அவ்விளியைக் குரலாகக் கொண்டு அடுத்த இளிக்கும் எனத் தொடர்ந்து சென்றால் மற்றைய சுரங்கள் ஒவ்வொன்றாகக் கிடைக்கும். பன்னிரண்டு முறை சென்றால் பன்னிரண்டு சுரங்கள் முடிந்து மீண்டும் குரலுக்கே வந்து சேர வேண்டும். பன்னிரண்டு இராசிகளைக் கொண்ட வட்டத்தில் ஒவ்வொரு முறையும் ஏழு வீடு தள்ளிச் செல்வது போன்றது இது.

சிக்கல் இங்குதான் எழுகிறது. 3:2 என்னும் விகிதத்தில் துல்லியமாகப் பன்னிரண்டு முறை சென்று, கிடைத்ததை ஏழு தாயிகள் கீழிறக்கினால் 240 வருவதில்லை. 243.27 வருகிறது. வட்டம் மூடாமல் சற்றே தள்ளிப்போய் நிற்கிறது. இந்த இரண்டு ஒலிகளையும் ஒருசேர எழுப்பினால் நொடிக்கு மூன்று முறைக்கு மேல் ஒலி ஏறி இறங்கித் துடிப்பதைப் பயிற்சியற்ற செவியும் உணரும். மேலை நாட்டில் பித்தாகரசு காலம் முதலும், சீனத்தில் அதனைப் போன்றே நெடுங்காலமாகவும் அறியப்பட்ட தடை இது. ஒவ்வொரு பஞ்சமத்திலும் மிகச் சிறிதளவு குறைத்து வட்டத்தைச் சமமாக மூடிவிடலாம் என்பது ஒரு தீர்வு. சீன இளவரசர் சூ சாய்யூ அதற்குரிய கணக்கை 1584 இல் முடித்தார். பியானோவும் ஆர்மோனியமும் இன்று இம்முறையிலேயே சுருதி சேர்க்கப்படுகின்றன.

22 ஆ 24 ஆ

பரதரின் நாட்டிய சாத்திரமும், பதின்மூன்றாம் நூற்றாண்டில் சாரங்கதேவர் எழுதிய சங்கீத இரத்தினாகரமும் ஒரு தாயியில் 22 சுருதிகள் எனக் கூறுகின்றன. ஏழு சுரங்களுக்கு முறையே 4, 3, 2, 4, 4, 3, 2 எனப் பங்கிடப்படுகின்றன. சாரங்கதேவர் 22 கம்பிகள் கட்டிய வீணையில் ஒவ்வொரு கம்பியையும் முந்தியதைவிட இடையில் வேறு ஒலி எழாத அளவு உயர்த்திச் சேர்க்கச் சொன்னார். எவ்வளவு உயர்த்துவது என்பதற்கு எண் எதுவும் தரவில்லை. செவியே அளவுகோலாக விடப்பட்டது.

பண்டிதர் இதனை எண்ணாக்கிப் பார்த்தார். ஒரு தாயியை 22 சம பாகங்களாக வகுத்தால் ப பதின்மூன்றாம் பாகத்தில் விழும். மேற்கண்ட கணக்கில் அது 360 க்குப் பதிலாக 361.5 ஆகும். 24 சம பாகங்களாக வகுத்தால் ப பதினான்காம் பாகத்தில் 359.6 ஆக விழும். இரண்டுமே துல்லியம் அல்ல. ஆனால் செவி இரண்டையும் ஒன்றாகக் கேட்பதில்லை. ஒரு கம்பி தன் அடிப்படை அதிர்வோடு அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு அதிர்வுகளையும் எழுப்புகிறது. ச வின் மூன்றாம் மடங்கான 720 உடன் ப வின் இரண்டாம் மடங்கு சேரும்போது, 22 பாக முறையில் நொடிக்கு மூன்று துடிப்புகள் எழும். 24 பாக முறையில் ஒன்றுக்கும் குறைவான, மிக மெதுவான அலைவே எழும். 90 செ.மீ. கம்பியில் துல்லியமான ப 60 செ.மீ. நீளத்தில் பிறக்கும். 24 பாக முறையில் அந்த இடம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகவே விலகுகிறது. வீணை மெட்டின் தடிமனே இதனினும் கூடுதல். இந்த இடத்தில் பண்டிதரின் பக்கம் வலுவானது.

எனினும் 22 சுருதிக் கொள்கையினர் எல்லோரும் சம பாகம் என்று கூறவில்லை. பம்பாய் மாகாணத்தில் கே. பி. தேவல், ஆங்கில அதிகாரியான இ. கிளெமெண்ட்ஸ் ஆகியோர் 3:2, 5:4 போன்ற எளிய விகிதங்களைக் கொண்டு சமமற்ற 22 சுருதிகளை அமைத்து, அதற்கென ஒரு ஆர்மோனியத்தையும் செய்வித்தனர். அக்கணக்கில் ப குறையின்றி அமையும். ஆனால் சுருதிக்குச் சுருதி இடைவெளி மாறுபடும். ஒரு சுரத்தைப் புதிய குரலாகக் கொண்டு பண்ணைப் பெயர்க்கும்போது அந்த இடைவெளிகள் பொருந்தாமற் போகும். சிலப்பதிகாரத்தில் கூறப்படும் பாலைத் திரிபு என்பதே குரலை இடம் மாற்றி வெவ்வேறு பண்களைப் பெறும் முறை. எல்லா இடத்திலிருந்தும் ஒரே கணக்கு செல்ல வேண்டுமாயின் பாகங்கள் சமமாகத்தான் இருக்க வேண்டும் என்பது பண்டிதரின் வாதம்.

இதற்குத் தஞ்சாவூரிலேயே ஒரு சான்று கிடைத்தது. தஞ்சாவூர் வீணையில் 24 மெட்டுகள் அசையாதவாறு மெழுகில் பதிக்கப்படுகின்றன. நான்கு வாசிப்புக் கம்பிகளும் ச, ப என மாறிமாறிச் சேர்க்கப்பட்டு அதே நேரான மெட்டுகளைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒரு கம்பிக்கு விகிதக் கணக்கில் துல்லியமாக வைத்த மெட்டு அடுத்த கம்பிக்குப் பிசகும். செவியால் மெட்டுப் பதிப்பவர் இரண்டுக்கும் இடையில் ஓரிடத்தைக் கண்டுபிடிக்கிறார். அவ்வாறு கண்டடையும் இடங்கள் சம பாகத்தை நெருங்கியே அமைகின்றன. (வீணையின் 24 மெட்டுகள் இரண்டு தாயிகளுக்கு உரியவை. பண்டிதர் கூறும் 24 சுருதிகள் ஒரு தாயிக்கு உரியவை. இரண்டையும் ஒன்றாகக் கருதலாகாது.)

சிலப்பதிகாரமும் பண்டிதர் விளக்கமும்

பண்டிதருக்கு எதிரான கடுமையான சான்று வடமொழியில் இல்லை, தமிழிலேயே இருந்தது. சிலப்பதிகார உரை மரபில் குரலுக்கு 4, துத்தத்துக்கு 4, கைக்கிளைக்கு 3, உழைக்கு 2, இளிக்கு 4, விளரிக்கு 3, தாரத்துக்கு 2 என அலகுகள் கூறப்படுகின்றன. கூட்டினால் வருவது 22. தமிழர் இசை தனித்தது, அது 24 கொண்டது என்று சொல்பவர் இதைக் கடந்தே செல்ல வேண்டும்.

பண்டிதர் இதனை மறைக்கவில்லை. கைக்கிளையும் விளரியும் இயல்பில் நான்கு அலகு உடையன; பாடும்போது அவற்றில் ஒவ்வோர் அலகு குறைத்துப் பாடுவது வட்டப்பாலையின் மரபு; அந்தக் குறைவே உரையில் பதிவாகியுள்ளது என விளக்கினார். குறைத்த இரண்டையும் சேர்த்தால் 4, 4, 4, 2, 4, 4, 2 என்றாகி 24 கிடைக்கும். முழுச்சுரம் நான்கு அலகு, அரைச்சுரம் இரண்டு அலகு என்னும் ஒழுங்கும் அமையும். கணக்கு அழகாக முடிகிறது. ஆயினும் உரை அவ்வாறு வெளிப்படையாகக் கூறவில்லை. அது பண்டிதரின் ஊகமே. அவருடைய நூலில் மிகுதியாக மறுக்கப்பட்ட பகுதியும் இதுவே.

இதன் அடிப்படையில் அவர் ஆயப்பாலை, வட்டப்பாலை, திரிகோணப்பாலை, சதுரப்பாலை என்னும் நான்கையும் முறையே ஒரு தாயியை 12, 24, 48, 96 பாகங்களாக வகுக்கும் முறைகளாக விளக்கினார்.

சங்கீத வித்தியா மகாஜன சங்கம்

1912 மே 27 அன்று பண்டிதர் தஞ்சாவூரில் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தின் முதல் மாநாட்டைக் கூட்டினார். அரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் உள்ளிட்ட வித்துவான்கள் பலர் இச்சங்கத்தின் மாநாடுகளில் கலந்துகொண்டனர். 1916 வரை ஏழு மாநாடுகள் நடைபெற்றன. செலவு முழுவதையும் பண்டிதரே ஏற்றார்.

வித்துவான்கள் பாடினர், வாசித்தனர். அத்துடன் சுருதி பற்றிய தம் கருத்துகளையும் கட்டுரைகளாக முன்வைத்தனர். பண்டிதரும் தம் கணக்குகளை அவர்கள் முன் வைத்தார். இசைக் கலைஞர்களும் இலக்கணம் கற்றவர்களும் ஓரிடத்தில் கூடி ஒருவரையொருவர் வினவும் வழக்கம் தென்னாட்டில் அதற்கு முன் அரிது. சென்னை மியூசிக் அகாதமி தோன்றுவதற்கு ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் முன்னரே இச்சங்கம் தொடங்கிவிட்டது என்பது நினைவில் கொள்ளத்தக்கது. மாநாட்டுக்கு வந்தவர்கள் அனைவரும் 24 ஐ ஏற்றுச் சென்றார்கள் என்று கூற இயலாது. 22 என்பது பலருக்கு நூல்வழி வந்த நம்பிக்கையாக இருந்தது. அவர்களுடைய பாட்டை எண்கள் எதுவும் மாற்றப்போவதும் இல்லை.

பரோடா மாநாடு

1916 மார்ச்சில் பரோடா அரசரின் ஆதரவில் முதல் அனைத்திந்திய இசை மாநாடு நடைபெற்றது. அதன் ஏற்பாட்டில் வி. என். பாத்கண்டே முதன்மைப் பங்கு கொண்டிருந்தார். சுருதி பற்றிய விவாதம் அங்கு முக்கிய இடம் பெற்றது. பண்டிதர் தம் கொள்கையைக் கட்டுரையாக அளித்தார். அவருடைய குடும்பத்துப் பெண்களான மரகதவல்லி, கனகவல்லி இருவரும் அவர் குறித்த நுண்சுருதிகளைச் செய்துகாட்டினர்.

எண்களால் நிறுவுவதோடு நில்லாமல் அறிந்தோர் நிறைந்த அவையில் பாடியும் காட்ட வேண்டும் என்று அவர் கருதியது கவனத்துக்கு உரியது. அதிர்வெண்களைத் துல்லியமாகப் பதிவு செய்யும் மின்கருவிகள் அன்று எளிதில் கிடைப்பன அல்ல. ஒரு சுரம் சரியான இடத்தில் விழுந்ததா என்பதற்கு அவையினரின் செவிகளே தீர்ப்பு. மாநாடு 22 ஐயோ 24 ஐயோ முடிந்த முடிபாக அறிவிக்கவில்லை.

கருணாமிர்த சாகரம்

1917 இல் கருணாமிர்த சாகரம் வெளிவந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்களைக் கொண்ட இந்நூலில் தமிழ்ச் சங்கங்களின் வரலாறு, பழைய இசை நூல்களின் ஆய்வு, 22 சுருதிக் கொள்கையின் மறுப்பு, வட்டப்பாலை முறையின் விளக்கம், கம்பி நீளங்களும் அதிர்வெண்களும் அடங்கிய நீண்ட அட்டவணைகள் ஆகியன இடம்பெற்றுள்ளன. கணிப்பான் இல்லாத காலத்தில் மடக்கைகளைக் கொண்டு கையாலேயே இட்ட கணக்குகள் அவை.

நூல் படிப்பதற்கு எளிதன்று. கூறியது கூறல் மிகுதி. குமரிக்கண்டம் பற்றிய பகுதிகளில் அவர் காலத்து நம்பிக்கைகள் ஆராயாமல் ஏற்கப்பட்டுள்ளன. இன்றைய நிலவியல் அவற்றை ஏற்பதில்லை. இசைக் கணக்குப் பகுதி அவ்வாறு காலாவதியானது அன்று. சம பாக முறையைச் சிலப்பதிகாரக் காலத்துத் தமிழர் அறிந்திருந்தனர் என்பதற்கு அவர் தரும் சான்றுகள் போதுமானவை அல்ல என்றாலும், குரல், இளி, பாலை, அலகு முதலிய சொற்கள் பொருள் மறந்த சொற்களாகக் கிடந்த நிலையில் அவற்றை ஒலிக்கும் சுரங்களாக மீட்டுத் தந்தது இந்நூலே.

மறுப்புகள்

பண்டிதருக்கு எதிரான வலுவான மறுப்பு தம்பூராவிலிருந்து வருகிறது. நன்கு சுருதி சேர்த்த தம்பூராவில், எவரும் மீட்டாத அந்தர காந்தாரம் தானே எழுவதை இசைவாணர் அறிவர். அதைச் சுயம்பு காந்தாரம் என்பர். ச கம்பியின் ஐந்தாம் மடங்கு அதிர்வே அது. ச 240 என்றால் அக்காந்தாரம் 300 இன் மடங்காக அமையும். சம பாக முறையில் அந்தர காந்தாரம் 302.4 ஆகிறது. இதன் நான்காம் மடங்கும் ச வின் ஐந்தாம் மடங்கும் மோதினால் நொடிக்கு ஒன்பது துடிப்புகளுக்கு மேல் எழும். 90 செ.மீ. கம்பியில் இந்த வேறுபாடு அரை செ.மீ. க்கும் கூடுதல். ப வில் புறக்கணிக்கத்தக்கதாக இருந்த பிழை காந்தாரத்தில் செவிக்குத் தெளிவாகவே புலப்படுகிறது. தம்பூராவுக்கு எதிரே அமர்ந்து காந்தாரத்தில் நின்று பாடுபவர் தம்மையறியாமல் 300 ஐ நோக்கி இறங்குவது இயல்பு.

1947 இல் விபுலானந்த அடிகளின் யாழ்நூல் காவிரிப் படுகையிலுள்ள திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அது 22 அலகுகளையே அடிப்படையாகக் கொண்டது. பண்டிதரின் மகன் ஆ. அ. வரகுணபாண்டியன் 1950 இல் பாணர் கைவழி என்னும் நூலை எழுதித் தந்தையின் கொள்கைக்காக வாதிட்டார். இவ்வாறு விவாதம் அடுத்த தலைமுறைக்கும் சென்றது.

பிற்காலத்தில் கருவிகளின் துணையோடு செய்யப்பட்ட அளவீடுகள் இரு தரப்பாரும் எதிர்பாராத விடையைத் தந்தன. 1963 இல் என். ஏ. ஜெய்ராஸ்பாய் வட இந்தியக் கலைஞர்களின் வாசிப்பை அளந்து, சுரங்களின் இடங்கள் கலைஞருக்குக் கலைஞர் மட்டுமன்றி ஒரே கலைஞரிடத்தும் மாறுவதைக் காட்டினார். கருநாடக இசையில் கமகம் மிகுதி என்பதால் அங்குச் சுரம் ஒரு புள்ளியாக நிற்பதே குறைவு. தோடியின் காந்தாரத்தை அளக்க முயன்றால் கிடைப்பது எண் அன்று, அசைவு. செவியோ அந்த அசைவு முழுவதையும் ஒரே சுரமாகக் கேட்கிறது. பாடும்போது ஓர் அலகு குறைகிறது என்று பண்டிதர் கூறியதில், எழுதப்பட்ட சுரமும் பாடப்பட்ட சுரமும் வேறு என்னும் உண்மை அடங்கியிருந்தது.

மறைவும் பின்னரும்

நூல் வெளிவந்த இரண்டாம் ஆண்டில், 1919 ஆகஸ்ட் 31 அன்று, ஆபிரகாம் பண்டிதர் காலமானார். அவருடைய உடல் கருணானந்தபுரத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டது. இராகங்கள் பற்றி அவர் எழுதி வைத்திருந்தவை 1946 இல் கருணாமிர்த சாகரத்தின் இரண்டாம் புத்தகமாக வெளிவந்தன.

1940 களில் தமிழிசை இயக்கம் வலுப்பெற்று 1943 இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியபோது, தமிழில் பாடவேண்டும் என்பதற்கும் தமிழுக்கெனத் தொன்மையான இசை இலக்கணம் உண்டு என்பதற்கும் முன்னோடியாகப் பண்டிதர் சுட்டப்பட்டார். அவருடைய பெயரர் து. ஆ. தனபாண்டியன் நுண்ணலகுகள் குறித்த ஆய்வைத் தொடர்ந்து நூல்கள் எழுதினார். தஞ்சாவூரில் ஒரு சாலை ஆபிரகாம் பண்டிதர் பெயரால் அழைக்கப்படுகிறது.